அரை மில்லிமீட்டர் அலட்சியம்

டாங்க் செய்கிற ஊர் ஆவடி. 1961-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. பக்கத்திலே அம்பத்தூர் எஸ்டேட்டில் திரும்பிய பக்கமெல்லாம் லேத். இப்படிப்பட்ட ஏரியாவில் இருந்துகொண்டு ஒரு பியானோ பின் செய்வது பெரிய விஷயமா என்றுதான் நானும் நினைத்தேன். மெக்கானிக்கல்காரனுக்கே உரிய திமிர்! சக மாணவ நண்பர்களே, அந்தத் திமிரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தாத்தா காலத்துப் பியானோ. ட்யூன் பண்ணின நாலாம் நாளே சுருதி இறங்கிவிடும். "தம்பி, டிப்ளமோ படிக்கிறியே, இந்த ஆணியெல்லாம் ஆடுதே, ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார். "முடியும் டீச்சர்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

பியானோவில் 88 கட்டைகள். கம்பிகளோ ஏறத்தாழ 220, 230 இருக்கும். அடி ஸ்வரங்களுக்கு ஒரு கம்பி, அடுத்து இரண்டு, மேலே போனால் மூன்று. ஒவ்வொரு கம்பியும் ஒரு எஃகு பின்னில் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கேறி நிற்கிறது. மொத்த இழுவிசையைக் கூட்டினால் 15 முதல் 20 டன் வரை வரும். அந்தப் பாரத்தைத் தாங்குவது வார்ப்பிரும்பு ஃபிரேம். சரி, பின் திரும்பிவிடாமல் பிடிப்பது எது? நட்டா? லாக் வாஷரா? இரண்டும் இல்லை. வெறும் மரம்! அடுக்கடுக்காக ஒட்டிய கடின மரப் பலகையில் ஒரு துளை, அதற்குள் உராய்வு, அவ்வளவுதான். பின்னில் தெரிகிற மெல்லிய மரையைப் பார்த்து நான் ஸ்க்ரூ என்று நினைத்தேன். இறுக்கிப் பிடிப்பது அந்த மரை இல்லை.

'இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்' என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோகிறோமே, அதுதான் இது. இரும்புக்குள் இரும்பு என்றால் மைக்ரான் கணக்கு. மரத்தில் கணக்கு வேறு. 7 மி.மீ. சொச்சம் உள்ள பின்னுக்குத் துளை ஏறத்தாழ அரை மி.மீ. சின்னதாக இருக்கும். நசுங்கிய மரநார் திமிறிக்கொண்டு பின்னைப் பிடிக்கும். ஐப்பசி மழையில் மரம் ஊதுகிறது, சித்திரை வெயிலில் சுருங்குகிறது. பல வருடம் இப்படியே போனால் நாரில் உயிர் போய்விடும், பின் ஆடும். ஏசி ரூமில் வைத்தால் காப்பாற்றிவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏசியை விட்டுவிட்டுப் போட்டால் இந்த ஊதலும் சுருங்கலும் தினமும் நடக்கும்.

இதற்கு வைத்தியம் ஒரு சைஸ் பெரிய பின். 1/0, 2/0, 3/0, 4/0 என்று வருகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 0.15 மி.மீ. சொச்சம்தான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? தெரிந்த பட்டறையில் 8 மி.மீ. ராடில் ஒரு பின் கடைந்து, துளையை அளக்காமலே சுத்தியால் அடித்து ஏற்றினேன். 'டப்' என்று ஒரு சத்தம். பலகை வரிசையோடு விரிசல் விட்டது. பக்கத்தில் இருந்த மூன்று பின்களும் தொளதொளத்துப் போயின. டீச்சர் திட்டவில்லை. காபி கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

பெரம்பூர் பக்கமிருந்து ஒரு வயதான டியூனரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். வேறு சில பின்களைக் கழற்றியபோது இன்னொரு கூத்து வெளிப்பட்டது. முன்பு யாரோ சிலவற்றில் உப்புத்தாள் சுற்றிச் செருகியிருந்தார்கள், இரண்டில் எபாக்சி ஊற்றியிருந்தார்கள். எபாக்சி பின்னைத் திருப்பினால் மரமே பிய்த்துக்கொண்டு வந்தது. "பசை போட்டவன் அவனோட கதை முடிஞ்சதுன்னு போயிட்டான், பின்னாடி வர்றவனைப் பத்தி நினைக்கலே" என்றார் பெரியவர். தண்ணீர் மாதிரி ஓடும் இன்ஸ்டன்ட் பசையைத் துளையில் இறக்குவது வெளிநாட்டிலும் சிலர் செய்வதுதான். செலவுக்கு வழியில்லாதபோது அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்தவன் கழற்றவே முடியாதபடி செய்ததை ரிப்பேர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"எதுக்குடா இத்தனை பாடு, கீபோர்டு வாங்கிட்டா தீர்ந்தது" என்கிறான் என் ரூம்மேட். மவுண்ட் ரோட்டில் மிஸ்குவித் என்ற பெயரில் 1842-ல் தொடங்கிய கடைதான் இன்றைய மியூசி மியூசிகல். அத்தனை காலமாக இந்த ஊரில் பியானோ விற்கிறது என்றால், அத்தனை காலமாக யாரோ பின்னும் மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கை வேலை நம் லேத்துக்கு எந்த விதத்தில் இளப்பம்? லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் பாடத்தில் ஷாஃப்டும் பேரிங்கும் மட்டுமே உதாரணமாக வருகின்றன. மரமும் வரவேண்டும் என்பது என் கட்சி.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். முதலில் எல்லாக் கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றில் தளர்த்தினோம். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று விட்டால் ஃபிரேமே வெடிக்கலாம். விரிசல் விட்ட பகுதியை வெட்டி, அடுக்கு மரத்தில் புதுத் துண்டு ஒட்டியாயிற்று. மற்ற துளைகளில் 3/0. இதுவரை 64 பின் முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் நான் லீவர் போட்டுத் திருகிப் பார்த்த பிறகு பெரியவரும் ஒரு தடவை திருகிப் பார்க்கிறார். இன்னும் என்னை நம்பவில்லை போலிருக்கிறது.