உங்களுக்கு எதற்கு சார் இந்த வேலை?

ஓய்வூதியர் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இப்போதெல்லாம் ஒரு புதுப் பேச்சு கேட்கிறது. முன்பு காசி, ராமேஸ்வரம் என்பார்கள். பிறகு சிங்கப்பூர், மலேசியா. இப்போது 'மெடிட்டரேனியன் க்ரூஸ்'. மத்திய தரைக்கடலில் ஒரு வாரம் கப்பலில் சுற்றி, நாளுக்கு ஓர் ஊரில் இறங்கிப் பார்த்துவிட்டு வருவது. போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் என் மனைவியும் 2024 அக்டோபரில் போய் வந்தவர்கள்தான். நான் சண்டை போட வந்திருப்பது ஒரே ஒரு வாக்கியத்தோடு.

சேலத்தில் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகம். பெயர் வேண்டாம். "விமானம் பார்சிலோனாவில் எத்தனை மணிக்கு இறங்கும், கப்பல் எத்தனை மணிக்குப் புறப்படும்?" என்று கேட்டேன். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு சார்? பேக்கேஜ்ல எல்லாம் வந்துருமுங்க. நீங்களும் அம்மாவும் ஏறி உக்காந்தா போதும்." வீட்டுக்கு வந்தால் பெங்களூரில் இருக்கும் மகனும் போனில் அதையே சொல்கிறான். "அப்பா, நீங்க எதுக்குப்பா தலையைக் குடைஞ்சுக்கறீங்க?"

ஏறி உட்கார்ந்தால் போதும் என்ற இந்த வாக்கியம்தான் நம் வயதுக்காரர்களை ஏமாற்றுகிறது. மரியாதை போலத் தெரியும். உண்மையில் அது நம்மை மூட்டையாக்குகிறது.

ராசிபுரம் பக்கத்து நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தம்பதியாகக் கிளம்பினார்கள். கிராஜுவிட்டிப் பணத்தில் ஒதுக்கி வைத்திருந்ததைத்தான் கட்டினார். கப்பல் மாலை ஆறு மணிக்கு. விமானம் அன்றே மதியம் இறங்கும் என்று சீட்டில் போட்டிருந்தது. இடையில் மாற வேண்டிய ஊரில் முதல் விமானம் தாமதம், அடுத்தது போய்விட்டது. அவர்கள் பார்சிலோனாவில் இறங்கியபோது இரவு எட்டு மணி. ஏற்பாட்டாளர் "தாமதம் எங்கள் பொறுப்பில்லை" என்றார். விமானக்காரர் "உங்களைப் பார்சிலோனாவில் சேர்த்துவிட்டோமே" என்றார். கப்பல்காரர் கணக்கில் அவர்கள் 'வராதவர்கள்'. மூவர் சொன்னதும் சட்டப்படி சரியாகவே இருந்ததுதான் கொடுமை. இரண்டு நாள் அங்கே ஓட்டலில் தங்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனதால் வீட்டுக்கு வரக் கூச்சப்பட்டு, சேந்தமங்கலத்தில் மைத்துனி வீட்டில் மீதி நாட்களைக் கழித்தார்கள். எனக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னார். சொல்லும்போது அந்த அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

ஒரு நாள் முன்னதாகப் போய் இறங்கியிருந்தால் இது நடந்திருக்காது. ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை, அவ்வளவுதான். அதைச் சொல்ல அந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு இரவு கூடினால் விலைப்பட்டியலில் தொகை கூடும். பக்கத்துக் கடையில் குறைவாகத் தெரியும். ஆபத்து நம் தலையில், மலிவு அவர்கள் விளம்பரத்தில்.

நான் முப்பத்துநான்கு ஆண்டு வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தவன். ஜமாபந்திக்கு எந்தப் பிர்கா எந்த நாள் என்று புரோகிராம் போட்டவன். அதிகாரிக்கு டூர் புரோகிராம் போடும்போது பஸ் வராவிட்டால் என்ன, ஆறு பெருகினால் என்ன என்று யோசிக்காமல் கையெழுத்துக்கு வைக்க முடியாது. அதே புத்தியோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

முதல் பக்கம் விமானம். நம் ஊரில் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. 2018-இல் சென்னைக்கு விமானம் வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. பெருமைதான். ஆனால் தனிச் சீட்டில் அதில் சென்னை போய், அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால், சின்ன விமானம் ரத்தானாலும் பெரியது காத்திருக்காது. நாங்கள் முந்தைய நாளே காரில் கிளம்பி, ஓசூர், அத்திப்பள்ளி நெரிசலை எல்லாம் கணக்கில் வைத்து, தேவனஹள்ளி பக்கம் ஒரு இரவு தங்கினோம். பார்சிலோனாவுக்குக் கப்பலுக்கு முந்தைய நாள் மதியம் போய்விட்டோம். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில். ஒரே டிக்கெட்டாக இருந்தால் நடுவில் விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் கடமை விமானக்காரருக்கு உண்டு. தனித்தனி டிக்கெட் என்றால் அது நம் தலையெழுத்து. திரும்பும்போதும் அப்படித்தான். கப்பல் காலை ஏழு மணிக்குத் துறைக்கு வந்தாலும், இறங்கி, பெட்டி எடுத்து, விமான நிலையம் சேர நேரம் ஆகும். பிற்பகலுக்கு முன் விமானம் போடக் கூடாது.

இரண்டாம் பக்கம் விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனுச் செய்யலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது செய்ய வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அந்தக் காப்பீட்டில் நம் பழைய நோய்களுக்கு இடம் உண்டா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நம்மோடு கப்பல் ஏறுகிறவை. விரல் ரேகை பதிவும் உண்டு. ஆயுள் சான்றுக்கு விரல் வைத்துப் பதியாமல் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கிறது. கடைசி வாரம் போகாதீர்கள். கப்பல் நடுவில் துனீசியாவோ துருக்கியோ போய்விட்டு மறுபடி ஐரோப்பாவுக்குள் வந்தால் ஒரு முறை நுழையும் விசா போதாது. பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்று பிடிப்பார்கள்; விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. அது நம் பணம். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். "அது போனது போனதுதான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மூன்றாம் பக்கத்திலிருந்து நோட்டு முடியும் வரை கரை. இங்கேதான் பெரிய பித்தலாட்டம்.

விளம்பரத் தாளில் ஊர்ப் பெயர்கள் அழகாக அச்சாகியிருக்கும். ரோம் என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிதாவெக்கியா. ரோமுக்கு அங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர். ஈரோட்டில் இறக்கிவிட்டு இதுதான் சேலம் என்பது போல. ஃப்ளாரன்ஸ் என்று போட்டிருக்கும், நிற்பது லிவோர்னோ. வெனிஸ் கதை இன்னும் வேடிக்கை. 25,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் வெனிஸ் நகருக்குள் ஓடும் ஜுதேக்கா கால்வாயில் வரக் கூடாது என்று 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலிய அரசு தடுத்துவிட்டது. ஆகவே 'வெனிஸ்' என்று விற்கப்படும் சில கப்பல்கள் ராவென்னாவில் நிற்கின்றன. அங்கிருந்து வெனிஸ், சேலத்திலிருந்து திருச்சி தூரம். கேட்காதவனுக்குச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் தாளில் ரோமில் 'வாடிகன் அருங்காட்சியகம்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். கப்பல் அங்கே நிற்பது ஞாயிற்றுக்கிழமை. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அந்த அருங்காட்சியகம் விடுமுறை. எங்களுடையது கடைசி ஞாயிறும் இல்லை. போனில் சொன்னேன். "அப்படிங்களா சார்? வெளிய இருந்து பாத்துக்கலாமுங்க" என்றார். சிஸ்டைன் கோயில் கூரையை வெளியே இருந்து எப்படிப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

அடுத்து, கப்பல்காரர்களே விற்கும் கரைச் சுற்றுலா. ரயில் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு விலை. எல்லாம் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பேருந்து வழியில் நின்றுபோனால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது; புறப்படும் நேரத்துக்கு அரை மணி, ஒரு மணி முன்பே ஏணியை எடுத்துவிடுவார்கள். அதனால் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். துறைக்கும் ஊருக்கும் தூரம் அதிகமென்றால் கப்பல்காரர் பேருந்து. கப்பல் ஊருக்குள்ளேயே நின்றால் சொந்தக் கால். ரோமுக்குக் காசு கொடுத்துப் பேருந்தில் போனோம். ஜெனோவாவில் ரயில் நிலையமும் பழைய தெருக்களும் துறையை ஒட்டியே இருக்கின்றன, நடந்தோம்.

நேப்பிள்ஸில் எல்லோரும் பொம்பேயி ஓடினார்கள். கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்துப் புதைந்த ஊர், பார்க்க வேண்டியதுதான். ஆனால் மேடு பள்ளமான கருங்கல் பாதை, நிழல் குறைவு, மூன்று மணி நேர நடை. என் மனைவியின் முழங்கால் அதற்கு ஒப்பவில்லை. நாங்கள் நகருக்குள்ளேயே தொல்பொருள் அருங்காட்சியகம் போனோம். பொம்பேயியில் கிடைத்த சுவரோவியங்களும் சிலைகளும் பாத்திரங்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. உட்கார பெஞ்ச் உண்டு. செவ்வாய் விடுமுறை; எங்களுக்குச் சனிக்கிழமை, தப்பித்தோம். சாயங்காலம் பேருந்தில் போனவர்கள் நொண்டிக்கொண்டு திரும்பினார்கள். நாங்கள் கப்பல் தட்டில் உட்கார்ந்து வெசூவியஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி, இந்தச் சண்டையை நான் ஏன் இவ்வளவு மனதில் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். காவிரி எங்கே பிறக்கிறது என்று தெரிவதற்கு முன்பே ரோன் நதி எங்கே கடலில் சேர்கிறது என்று ஒப்பித்தவன். 1962 ஆகஸ்ட் 16-இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது பதினோரு வயது. என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் அப்பா, பழைய பிரெஞ்சுப் படைவீரர், எழுதிக் கொடுத்துவிட்டார். பம்பாய் வரை ரயில், அங்கிருந்து மெஸ்ஸாஜெரி மாரிதீம் கம்பெனிக் கப்பலில் மார்செய். ஒரே ஒரு கடிதம் வந்தது. ஜோலியெத் துறைக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறோம், குளிர் தாங்கவில்லை, அப்பா தினமும் துறைக்குப் போய்க் கப்பல் பார்க்கிறார் என்று எழுதியிருந்தான். அதோடு சரி.

எங்கள் கப்பல் மார்செய்யில் ஒரு பகல் நின்றது. கப்பல்காரர் பட்டியலில் அவிஞ்ஞோன் இருந்தது, எக்ஸ் இருந்தது. ஜோலியெத் இல்லை. எப்படி இருக்கும்? சேலத்துத் தம்பி, "மார்செய்ல ஒண்ணுமில்லீங்க சார், கப்பல்லயே ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்றார்.

பெரிய கப்பல்கள் நகரத்துக்கு வடக்கே தள்ளி நிற்கின்றன. டாக்சி பிடித்து ஜோலியெத் என்றேன். ஓட்டுநர் கொமோரோ தீவுக்காரர். என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, "உங்கள் பேச்சு என் தாத்தா பேச்சு மாதிரி இருக்கிறது" என்றார். பழைய கிடங்குகள் இப்போது கடைகளாகிவிட்டன. கோர்சிகாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போகும் கப்பல்கள் நின்றிருந்தன. அவன் வீடு எது என்று தேடவில்லை. தேட முகவரியும் இல்லை. ஒரு பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மனைவி வீட்டிலிருந்து கொண்டு வந்த முறுக்கைப் பிரித்தாள். அந்தப் பயணத்தில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளக் கூடிய இடம் அது ஒன்றுதான்.

அதை எந்தப் பேக்கேஜும் எனக்குக் கொடுத்திருக்காது. உங்களுக்கும் ஒரு ஜோலியெத் இருக்கும். பேரன் படிக்கும் ஊராக இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெயராக இருக்கலாம். அது பட்டியலில் இருக்காது. நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பணம் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். டிக்கெட் போடுகிறீர்கள், சந்தோஷம். கூடவே நோட்டையும் பேனாவையும் எங்கள் கையில் கொடுங்கள். எங்கள் முழங்கால் எவ்வளவு தூரம் நடக்கும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

என் வயதுக்காரர்களுக்கு: பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். விமானம் கப்பலுக்கு முந்தைய நாள் இறங்குகிறதா? முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டா? கப்பல் நிற்கும் துறையின் உண்மைப் பெயர் என்ன, ஊருக்கு எத்தனை கிலோமீட்டர்? அன்று என்ன கிழமை? "உங்களுக்கு எதற்கு சார் இந்த வேலை?" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கும்.

அந்த நாற்பது பக்க நோட்டை ராசிபுரத்து நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். முதலில் வாங்க மறுத்தார். போன வாரம் போன் செய்தார். "சார், லிவோர்னோவில் இருந்து பைசா எத்தனை கிலோமீட்டர்னு எழுதியிருக்கீங்க, படிக்க முடியலை" என்றார். பின்னால், "எங்க வூட்டுக்காரம்மா கேக்கச் சொன்னாங்க" என்றும் சொன்னார்.