தன் வாலைத் தானே துரத்துகிறவர்

சில மாதங்களுக்கு முன்பு நமது நண்பர் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தோம். காப்பி டம்ளரைக் கையில் எடுத்ததுதான் தாமதம், குழந்தைகள் ஓடி வந்து, "மாமா! எங்கள் நாய் சர்க்கஸ் செய்யும், பார்க்கிறீர்களா?" என்று கூவினார்கள். ஒருவன் கையைத் தட்டினான். நாய் கழுத்தைத் திருப்பித் தன் வாலைப் பார்த்தது. வாலும் அதைப் பார்த்தது. உடனே ஆரம்பமாயிற்று சுற்று.

பத்துச் சுற்று வரையில் நாமும் சிரித்தோம். இருபதாவது சுற்றில் காப்பி ஆறிப் போயிற்று. ஐம்பதாவது சுற்றில் நமக்குத் தலை சுற்றியது. நாய் மட்டும் நின்றபாடில்லை. குழந்தைகள் "போதும், போதும்" என்றார்கள். நண்பர் "சீ, நிறுத்து!" என்று அதட்டிக் கையை ஓங்கினார். அவருடைய மனைவியார் உள்ளேயிருந்து ஒரு ரொட்டித் துண்டைக் கொண்டு வந்து போட்டார். நாய் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் அது களைத்துப் படுத்தபோதுதான் கவனித்தோம்: வாலின் நுனியில் மயிரே இல்லை. தோல் சிவந்து புண்ணாகியிருந்தது.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பெரியோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாயாலேயே அதைப் பிடித்து வைத்துக் கொள்ள முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் ரொட்டியைக்கூட மறந்துவிட்ட நாய் விளையாடிக் கொண்டிருக்கிறது என்று நம்ப நமக்கு மனம் வரவில்லை. அன்று முதல் இவ்விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்து வந்தோம்.

குட்டி நாய் எதுவும் எப்போதாவது வாலைத் துரத்தும். கூப்பிட்டால் விட்டுவிட்டு ஓடி வரும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கூப்பிட்டாலும் வராமல், சோற்றையும் தூக்கத்தையும் மறந்து, உடம்பு புண்ணாகும் வரையில் ஒரே காரியத்தைச் செய்யும்போதுதான் அது வியாதி என்ற பெயரைப் பெறுகிறது. அதன் ரூபங்கள் பல. புல் டெரியர் ஜாதி நாய்கள் வாலைத் துரத்துவதில் பேர் போனவை. டாபர்மன் நாயோ தன் விலாப்புறத்துத் தோலை வாயில் கவ்விக் கொண்டு, தாயிடம் பால் குடிக்கும் குட்டியைப் போல் மணிக்கணக்காகச் சப்பிக் கொண்டிருக்கும். விலா கிடைக்காவிட்டால் கம்பளி. சில நாய்கள் முன்னங்காலை ஒரே இடத்தில் நக்கி நக்கி ஆறாத ரணமாக்கிக் கொள்கின்றன. வேறு சில, இல்லாத ஈயை ஆகாயத்தில் லபக் லபக் என்று கவ்விப் பிடிக்கின்றன. இதையெல்லாம் படித்தபோது, பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருக்கோடியிலிருந்து நாலாவது தடவைக்காகத் திரும்பி வருகிற மனிதர்களை நினைத்துக் கொண்டோம். இதை எழுதும் பேனாவின் மூடியில் யாருடைய பற்குறிகள் இருக்கின்றன என்பதை நாம் வெளியிடப் போவதில்லை.

மனிதருக்கும் நாய்க்கும் உள்ள இந்த ஒற்றுமை வெறும் வேடிக்கை அல்லவென்று தெரிகிறது. அமெரிக்காவில் ஜூடித் ராபோபோர்ட் என்ற மனோவைத்திய அம்மையார், ஓயாமல் கை கழுவிக் கொண்டிருக்கும் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தவர். காலை நக்கிப் புண்ணாக்கிக் கொள்ளும் நாய்களுக்கு, அத்தகைய மனிதர்களுக்குக் கொடுக்கும் குளோமிப்ரமின் என்ற மருந்தையே அவரும் அவருடைய சகாக்களும் கொடுத்துப் பார்த்து, 1992-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். நக்குவது குறைந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் டெசிப்ரமின் என்ற இன்னொரு மருந்தோ, மனிதருடைய இந்த வியாதிக்கு எப்படிப் பயன்படுவதில்லையோ, அப்படியே நாய்க்கும் பயன்படவில்லை.

ரத்தத்திலேயே ஊறியதா இது? டாபர்மன் ஜாதியை எடுத்துக் கொள்வோம். ஜெர்மனி தேசத்தில் அபோல்டா என்னும் ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், டாபர்மன் என்ற வரி வசூல் உத்தியோகஸ்தர் இந்த ஜாதியை உண்டாக்கினார் என்பது வரலாறு. வரி வசூலிக்கிறவருக்குத் துணைக்கு ஒரு நாய் தேவைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பயங்கரமான நாயின் சந்ததிதான் இன்று கம்பளியைச் சப்பிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறது! டஃப்ட்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த நிகலஸ் டாட்மன் என்ற மிருக வைத்தியரும் மற்றவர்களும் 2010-இல் இந்நாய்களின் பரம்பரைக் கூறுகளைச் சோதித்தார்கள். ஏழாவது குரோமோசோமில், நரம்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒரு புரோட்டீனுக்குரிய ஜீன் இருக்குமிடத்தில் ஒரு வித்தியாசம் தென்பட்டது. இப்பழக்கங்கள் பலவற்றை உடைய நாய்களில் நூற்றுக்கு 60-இலும், ஒன்றை மட்டும் உடையவற்றில் 43-இலும் அது இருந்தது. எவ்விதப் பழக்கமும் இல்லாத நாய்களிலோ 22-இல் இருந்தது.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். அதே வித்தியாசத்தை வைத்துக் கொண்டு, அந்த நாய்கள் சாதாரண நாய்களாகவே வாழ்கின்றன. ஆகவே பிறப்பின் தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு எஜமானர் தப்பித்துக் கொள்ள முடியாது. பின்லாந்து தேசத்தில் ஹெல்ஸிங்கி நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் நான்கு ஜாதிகளைச் சேர்ந்த 368 நாய்களைப் பற்றி விசாரித்து 2012-இல் எழுதியிருக்கிறார்கள். வாலைத் துரத்தும் நாய்களில் பல, தாயை மற்றவற்றைவிட முன்னதாகவே பிரிந்தவை, சுபாவத்தில் கூச்சமுள்ளவை. இது காரணம், இது காரியம் என்று அவர்கள் முடிவு கட்டிவிடவில்லை. எனினும், கண் திறந்த சில நாட்களுக்கெல்லாம் குட்டியைக் கூடையில் வைத்துத் தூக்கிக் கொண்டு வருகிறவர்கள் இதைப் படிப்பது நல்லது.

நண்பர் கையை ஓங்கினார் என்று சொன்னோமல்லவா? அதைப் பற்றி ஒரு வார்த்தை. சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் ருஷ்யாவில் பாவ்லாவ் என்ற பெரியாருடைய பரிசோதனைச் சாலையில் ஒரு நாய்க்கு வட்டத்தைக் காட்டினால் ஆகாரம் கொடுப்பார்கள். நீள்வட்டத்தைக் காட்டினால் கொடுக்க மாட்டார்கள். நாய் வெகு சீக்கிரம் தெரிந்து கொண்டது. பிறகு நீள்வட்டத்தை நாளுக்கு நாள் வட்டமாக்கிக் கொண்டே வந்தார்கள். அதன் நீளமும் அகலமும் 9-க்கு 8 என்ற அளவுக்கு வந்தபோது, எது எதுவென்று நாய்க்கு விளங்கவில்லை. அதுவரையில் பரமசாதுவாயிருந்த பிராணி ஊளையிட்டது, நெளிந்தது, மேலே கட்டியிருந்த கருவிகளைக் கடித்துப் பிய்த்தது. அதை ஒருவரும் அடிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியாமற் போனதே போதுமாயிருந்தது. காலையில் கை தட்டிச் சிரித்துவிட்டு, மாலையில் அதே காரியத்துக்காகத் தடியை எடுக்கும் வீட்டில் நாய் எந்த வட்டத்தைக் கண்டு எதைத் தெரிந்து கொள்ளும்?

இன்னொரு செய்தி நம்மை உண்மையிலேயே திடுக்கிடச் செய்தது. கானடாவில் மாண்ட்ரீல் சர்வகலாசாலையின் மிருக வைத்தியர்கள், தரையையும் சுவரையும் ஓயாமல் நக்கும் 19 நாய்களை நன்றாகப் பரிசோதித்தார்கள். அவற்றில் 14 நாய்களுக்கு வயிற்றிலோ குடலிலோ கோளாறு இருந்தது! அதற்குரிய சிகிச்சை செய்ததும் பல நாய்கள் நக்குவதைக் குறைத்தன. சில அடியோடு விட்டன. வயிற்று வலியை வாயினால் சொல்லத் தெரியாத பிராணி, சுவரை நக்கித் தீர்த்துக் கொண்டிருந்தது. வீட்டிலிருந்தவர்களோ அதற்குப் பைத்தியம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இக்காலத்தில் குழந்தைகள் கையில் லேசர் விளக்கு என்று ஒன்று இருக்கிறது. தரையில் ஒரு சிவப்புப் புள்ளியை ஓடவிட்டு நாயைத் துரத்தச் செய்வது அதன் உபயோகம். துரத்தினால் பிடிபட வேண்டும் என்பது நாயின் நியாயம். இந்தப் புள்ளியோ ஒருநாளும் பிடிபடாது. விளக்கை அணைத்த பிறகும் சுவரில் படும் வெயிலையும் நிழலையும் நாள் முழுவதும் தேடிக் கொண்டிருக்கும் நாய்கள் உண்டு. பந்து எவ்வளவோ மேல். பிடித்தால் வாயில் இருக்கும்.

நாம் படித்ததையெல்லாம் நண்பரிடம் ஒப்பித்தோம். அவர் முதலில் நம்மைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு நாயை மிருக வைத்தியரிடம் அழைத்துப் போனார். வைத்தியர் மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வாலையும் தோலையும் வயிற்றையும் சோதித்து, புண்ணுக்கு மருந்து போட்டார். பிறகு, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று எச்சரித்து மாத்திரை கொடுத்தார். தினம் இரண்டு வேளை நாயை வெளியே நடத்திக் கொண்டு போகும்படி சொன்னார். கை தட்டக் கூடாது, அதட்டவும் கூடாது. இரண்டாவது உத்தரவுதான் நண்பருக்குக் கஷ்டமாயிருந்ததாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அங்கே போயிருந்தோம். நாய் எழுந்தது, வாலைப் பார்த்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒருவரும் சிரிக்கவில்லை. கடைக்குட்டிப் பெண் மட்டும் மெதுவாகப் போய் ஒரு பந்தை அதன் முன்னால் உருட்டிவிட்டாள். நாய் ஒரு கணம் வாலையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பந்தின் பின்னால் ஓடிற்று. வாலின் நுனியில் மயிர் முளைக்க ஆரம்பித்திருந்தது. காப்பியை நாம் சூடாகவே குடித்தோம்.