வெள்ளிக் களிமண்ணும் சிற்றுலையும்



காவிரிப் படுகையில் மண்ணுக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. சுவாமிமலையில் மெழுகு வடிவத்தின் மீது ஆற்று வண்டலைப் பூசி, சூட்டினால் மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உருகிய உலோகத்தை வார்க்கிறார்கள். நாச்சியார்கோவில் பித்தளை விளக்குகளும் ஆற்றங்கரை மண்ணாலான வார்ப்பிலிருந்தே பிறக்கின்றன. இவ்விரண்டிலும் மண் அச்சாக நிற்க, உலோகம் அதனுள் பாய்கிறது. உலோகமே பிசையத்தக்க களிமண்ணாகிவிட்டால்? 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனமான மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் அதையும் செய்து காட்டியது. வீட்டிலிருந்தே செய்யத்தக்க கைத்தொழிலை நாடும் நம் பெண்கள் இதனைப் பற்றி அறிந்துகொள்வது நன்று.

நுண்ணிய வெள்ளித் தூள், நீர், எரிந்து போகக்கூடிய பசை ஆகிய மூன்றின் கலவையே வெள்ளிக் களிமண். சுடும்போது பசை எரிந்து அகலும். வெள்ளித் துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று இணைந்து இறுகும். வெள்ளி உருகுவதற்கு ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் இன்று விற்கும் சில வகைகளுக்கு 650 டிகிரியில் அரைமணி நேரமே போதுமானது. சுட்டபின் பொருள் சுருங்கும் என்பதை மறவாதீர்கள். பத்து விழுக்காடு சுருங்கும் வகையில் 20 மில்லிமீட்டர் பதக்கம் வேண்டுமானால், 22 மில்லிமீட்டர் அளவில் செய்ய வேண்டும். வகைக்கு வகை இது மாறுபடுமாதலால், பொட்டலத்தின் மேலுள்ள குறிப்பைப் படித்த பின்னரே தொடங்குங்கள்.

இக்களிமண்ணின் விலை வெள்ளிக் கட்டியின் விலையைவிட மிக அதிகம். ஆகவே முதல் பாடத்தைச் சப்பாத்தி மாவிலோ சாதாரணக் களிமண்ணிலோ பயிலுங்கள். பூரிக்கட்டையின் இருபுறமும் ஒரே கனமுள்ள அட்டைத் துண்டுகளை வைத்துத் தேய்த்தால், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீரான தகடு கிடைக்கும். வேப்பிலையின் நரம்பை அதில் அழுத்திப் பாருங்கள். நெற்கதிர், கொடி, நட்சத்திரக் கட்டங்கள் என உயிரினங்களின் உருவம் கலவாத அலங்காரங்களுக்கு நம் மரபில் குறைவே இல்லை. கை பழகிய பிறகு பத்து கிராம் பொட்டலம் ஒன்று வாங்கினால் போதும். ஈரக் களிமண் அலுமினியத்தில் படக்கூடாது, வெள்ளி கெட்டுவிடும்.

செய்த பொருள் முழுவதும் உலர வேண்டும். உள்ளே ஈரமிருந்தால் சூட்டில் நீராவி கிளம்பிப் பொருள் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியில் ஒருநாள் காய்ச்சல் போதாது. உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். உதிரும் தூளைச் சேர்த்து நீர் கலந்தால், விரிசல்களை அடைக்கும் குழம்பாகிவிடும்.

சிற்றுலையை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். 25 கிராமுக்கு உட்பட்ட சிறு பொருள்களைக் கையடக்கமான கேஸ் டார்ச்சினால் வெப்பம் தாங்கும் செங்கல் மேல் வைத்துச் சுடலாம். மங்கலான வெளிச்சத்தில் பொருள் இளஞ்செம்மஞ்சளாக ஒளிரத் தொடங்கியதும், அந்நிறம் மாறாமல் குறிப்பில் சொன்ன நிமிடங்கள் வரை சூட்டைக் காக்க வேண்டும். கண்ணாடிபோல் பளபளக்கத் தொடங்கினால் வெள்ளி உருகப்போகிறது என்று பொருள். உடனே தீயை விலக்குங்கள். வெந்த வெள்ளி வெண்மையாகத் தோன்றும். பித்தளைக் கம்பித் தூரிகையால் சோப்பு நீரிட்டுத் தேய்த்தால் ஒளி வரும். அகீக் போன்ற கற்கள் சூட்டில் விரியக்கூடும். அவற்றைச் சுட்டபிறகே பதிக்க வேண்டும்.

விற்பனை பெருகினால் மின் உலையைப் பற்றி எண்ணலாம். ஒன்றரை கிலோவாட் உலை ஒருமணி நேரம் முழுமையாக எரிந்தால் ஒன்றரை யூனிட் செலவாகும். அதற்கு 15 ஆம்பியர் இணைப்புத் தேவை. நடுவில் மின்சாரம் நின்றாலும் வெள்ளியை மீண்டும் சுடலாம். காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு உலையை வையுங்கள். செம்பு, வெண்கலக் களிமண் வகைகளைக் கரித்தூளில் புதைத்துச் சுடுகிறார்கள். அதனால் மணமும் நிறமுமற்ற நச்சுவாயு எழக்கூடும். மூடிய அறையில் அதனை ஒருபோதும் செய்யலாகாது.

உலைக்காக வட்டிக் கடன் வாங்குவது நமக்குத் தகாது. நாலைந்து குடும்பங்கள் கூடி ஓர் உலையைப் பொதுவில் வைத்துக்கொண்டால் சுமை குறையும்.

வணிகத்திலும் மார்க்கத்தின் வரம்புகள் உண்டு. பத்து கிராம் களிமண் சுட்டபின் ஏறத்தாழ ஒன்பது கிராம் வெள்ளியே நிற்கும். சுட்டபின் நிறுத்த எடையைச் சொல்லி, கூலியைத் தனியே கூறி விற்பதே நாணயம். தூய வெள்ளி மென்மையானது என்பதையும் மறைக்காதீர்கள். அது பதக்கத்துக்கும் காதணிக்கும் ஏற்றது. நாள்தோறும் உராயும் வளையலுக்குத் தக்கதன்று. பழைய வெள்ளியைக் கூடக்குறைய எடை வைத்துப் புதிய வெள்ளிக்கு மாற்றுவது வட்டியாகிவிடும். பழையதைப் பணத்துக்கு விற்று, அப்பணத்தால் புதியதை வாங்கச் சொல்லுங்கள். தவணைக்கு விற்பதாயின், முன்னதாக ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். விற்பனைக்கென வைத்துள்ள வெள்ளிக்கு ஜகாத் உண்டு. அதன் நிஸாப் 200 திர்ஹம். அது சுமார் 595 கிராம். நம் நாட்டு ஆலிம்கள் பலர் 612 கிராம் என்றும் கணிக்கிறார்கள்.

இரும்பை இளக்கித் தரப்பட்ட தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பால் உண்டவர்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் செய்து, கிடைத்ததை ஏழைகளுக்கு வாரி வழங்கினார்கள். நம் காலத்திலும் பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் கோரையைப் பட்டுப்போன்ற பாயாக நெய்து புகழ் தேடித் தந்துள்ளனர். இத்தொழிலிலும் உலை கடைசியில் வரட்டும். முதலில் கை பழகட்டும், கணக்கு நேராகட்டும். வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.