தண்ணீர் யார் வீட்டுச் சொத்து?

அரியலூர் ஜில்லாவைச் சேர்ந்த மைக்கேல்பட்டியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கு ஏலம் விடப்போவதாக மத்திய சர்க்கார் 29-3-2023இல் அறிவித்ததும், தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின் அதை ஆட்சேபித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதியதும், சுமார் 10 நாளைக்குள் அந்த இடம் ஏல ஜாபிதாவிலிருந்து எடுக்கப்பட்டதும் வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். அன்று பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்கள் பலர், "ஆபத்து நீங்கிவிட்டது, இனி நம் கிணற்றுக்குப் பயமில்லை" என்று நிம்மதியடைந்தார்கள். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. நீங்கியது எது, நீங்காதது எது என்பதை யோசித்தார்களா என்றுதான் கேட்கிறோம்.

ஒரு கடிதத்தினால் போன ஆபத்து, மற்றொரு அறிவிப்பினால் திரும்பி வருவதற்கு எவ்வளவு நேரமாகும்? இன்றைக்கு மனமிரங்கியவர்கள் நாளைக்கு மனம் மாறினால் நாம் எந்தச் சட்டத்தைக் காட்டி மறிப்பது? நமக்குக் கிடைத்திருப்பது தயவே ஒழிய உரிமையல்ல. தயவில் பிழைக்கிறவனுக்குச் சுயமரியாதை ஏது?

"பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தச் சங்கதியையும் பார்ப்போம். 2020 பிப்ரவரியில் அப்போதைய முதலமைச்சர் பழனிசாமி அந்த ஏற்பாட்டை மேடையில் அறிவித்தபோது அரியலூரின் பெயரும் இருந்தது. அதே மாதத்தில் சட்டமாக வந்தபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகியவைகளும், கடலூர், புதுக்கோட்டையில் சில பகுதிகளும் இருந்தன. அரியலூர், திருச்சி, கரூர் இல்லை. மேடையில் ஒன்று, காகிதத்தில் ஒன்று! பூமிக்கடியில் நிலக்கரி இருக்கும் ஊருக்கல்லவா முதலில் பாதுகாப்பு வேண்டும்?

நிலக்கரிப் பேச்சு அந்தப் பக்கத்துக்குப் புதிதுமல்ல. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் செய்யப்போவதாகச் சொல்லி, 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைச் சர்க்கார் எடுத்தது. நஷ்டஈடு போதாதென்று குடியானவர்கள் கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காய்க் காத்துக்கிடந்தார்கள். நிலக்கரியும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. கடைசியில், திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை அவரவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். ஒரு தலைமுறையின் வாழ்வைத் திருப்பிக் கொடுப்பது யார்?

அந்தச் சுரங்கம் வந்திருந்தால் நீருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பக்கத்திலுள்ள நெய்வேலியிலேயே பார்க்கலாம். அங்கே 1956இல் கம்பெனி ஏற்பட்டு, 1961 முதல் நிலக்கரி எடுக்கப்படுகிறது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே மணலும், அதில் மிகுந்த அழுத்தத்தோடு அடைபட்ட தண்ணீரும் இருக்கின்றன. மேலே மண்ணை வாரிப் பள்ளமாக்கிவிட்டால், கீழே உள்ள தண்ணீர் பள்ளத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகையால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவும் பகலும், மழையிலும் கோடையிலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் தண்ணீர் வெளியேறுகிறது. அதாவது, நிலக்கரிச் சுரங்கம் என்பது முதலில் தண்ணீர்ச் சுரங்கம், நிலக்கரி பிறகுதான். பூமிக்கடியில் வேலியுமில்லை, வரப்புமில்லை. இங்கே இறைத்தால் சுற்றிலும் உள்ள ஊர்களின் நீர்மட்டம் இறங்கும். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் குழாய் இறக்கினால் தண்ணீர் தானே பொங்கி வழிந்தது. இன்று மோட்டார் வைத்து ஆழத்திலிருந்து இழுக்க வேண்டியிருக்கிறது.

சரி, இப்படித் தண்ணீரைக் கொண்டுபோகிறவனைச் சட்டம் தடுக்காதா என்றால், அங்கேதான் பெரிய வேடிக்கை இருக்கிறது. வெள்ளைக்காரன் 1882இல் செய்த அனுபோக உரிமைச் சட்டப்படி, பூமிக்கடியில் தெரிந்த கால்வாயாக ஓடாத நீரை, அதன் மேலுள்ள நிலத்துக்குச் சொந்தக்காரன் தன் எல்லைக்குள் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம். அரை ஏக்கர்க்காரன் அரைக் குதிரை மோட்டார் வைத்தாலும் உரிமை. ஆயிரம் ஏக்கர்க்காரன் ஊரையே வற்றவைத்தாலும் உரிமை! வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அவன் எழுதிய இந்த வரி போகவில்லை. தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் செய்து, அமலுக்குக் கொண்டுவராமலே வைத்திருந்து, 2013இல் ரத்தும் செய்துவிட்டார்கள். கேரளத்தில் பிளாச்சிமடாவில் ஒரு குளிர்பானக் கம்பெனி தண்ணீர் உறிஞ்சிய வழக்கில், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, சர்க்கார் அதற்குக் காவலாள் மட்டுமே என்று 2003இல் ஒரு ஹைக்கோர்ட் ஜட்ஜ் சொன்னார். 2005இல் இரண்டு ஜட்ஜுகள் அதை மாற்றிவிட்டார்கள். கம்பெனி மூடிக்கிடப்பது அவ்வூர் ஆதிவாசி மக்களின் விடாத போராட்டத்தினால்தான்.

இதில் யாரும் பேசாத ஒரு விஷயமுண்டு. நிலத்துக்கு நஷ்டஈடு பட்டாவைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. பட்டா இல்லாத கூலிக்காரன், சேரியில் ஒரே அடிகுழாயை நம்பியிருக்கிற பெண்பிள்ளை, ஏரிப் புல்லை நம்பி இரண்டு ஆடு வைத்திருக்கிறவன் இவர்களுக்கு என்ன கொடுப்பார்கள்? தண்ணீர் போனால் முதலில் தாகமெடுப்பது இவர்களுக்குத்தான். கணக்கில் இவர்கள் பெயரே இல்லை.

"மின்சாரம் வேண்டாமா? வேலை வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். நாம் இயந்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் விரோதியல்ல. ஆனால் இழப்பு ஒருவனுக்கும் வெளிச்சம் மற்றொருவனுக்கும் என்றால், அதற்கு விஞ்ஞானம் என்று பெயரா? மின்சாரத்துக்குச் சூரியனும் காற்றும் இருக்கின்றன. தண்ணீருக்கு மாற்று எது?

மற்றொரு கூட்டம், "கிணறு வற்றியது தலைவிதி" என்கிறது. 2019 வறட்சியில் மழைக்காக யாகமும் வருண ஜெபமும் நடத்தும்படி அறநிலையத் துறையே கோயில்களுக்கு உத்தரவு போட்டது. குழாயில் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் அய்யர் உட்கார்ந்து ஜெபித்தார்! வருணனைக் கேட்கிறவன் பம்புக்காரனைக் கேட்கமாட்டான். அதனால்தான் பம்புக்காரனுக்கு வருணன் மீது அவ்வளவு பக்தி.

ஆகவே தோழர்களே, நாம் கேட்க வேண்டியது தயவல்ல. அரியலூரைப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். பக்கத்துப் பெரம்பலூரின் நிலத்தடி நீருக்கும் சட்டக் காவல் வேண்டும். நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொது என்று சட்டம் எழுத வேண்டும். எந்தக் குழி வெட்டினாலும் சுற்றுவட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து ஊராட்சி வாசலில் எழுதிப்போட வேண்டும். கிணறு வற்றினால் தன்னால் வற்றவில்லை என்று கம்பெனிதான் ருசுப்பிக்க வேண்டுமே ஒழிய, குடியானவன் அல்ல. பட்டா இல்லாதவனுக்கும் தண்ணீருக்கு ஈடு உண்டென்று எழுத வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இவைகளைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் இன்றைக்கே ஒரு கயிறும் கல்லும் எடுத்து உங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறதென்று அளந்து, தேதி போட்டு எழுதிவையுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் பேசப்போவது அந்தக் கணக்குத்தான். வருணன் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.