பெல்ட் கொடுத்தால் போதுமா?

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டிய சாரத்தின் மேல் நின்று ஒருவர் சுவருக்கு வர்ணம் அடிக்கிறார். இடுப்பிலே பெல்ட் இருக்கிறது. அதில் கயிறு இருக்கிறது. கயிற்றின் முனையில் கொக்கியும் இருக்கிறது. அந்தக் கொக்கி எதிலே மாட்டியிருக்கிறது? எதிலும் இல்லை, அவருடைய பெல்ட்டிலேயே சொருகியிருக்கிறது!

கட்டட வேலை நடக்கும் தெருக்களில் இது சாதாரணக் காட்சி. பெல்ட் கொடுத்தாயிற்று, இனி விழுந்தால் அவன் தலையெழுத்து என்று காண்டிராக்டர் இருந்துவிடுகிறார். பெல்ட்டுக்குப் பணம் கொடுத்தவர், அதை உபயோகிக்கக் கற்றுக்கொடுக்க அரை நாள் ஒதுக்க மறுப்பது என்ன நியாயம்?

பார்த்ததும் புரிந்துவிடுகிற விஷயமல்ல இது. 6 அடிக் கயிற்றின் கொக்கியைக் காலடிக் கம்பில் மாட்டினால், கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் ஆள் 10 அடிக்கு மேல் விழுந்துவிடுவார். அதிர்ச்சியைத் தாங்குவதற்காகக் கயிற்றில் வைத்திருக்கும் மடிப்பு பிரிந்தால் இன்னும் 3 அடி. முதல் மாடியின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதானே! பெல்ட் போட்டிருந்தும் தரையில் மோதுவார். தலைக்கு மேலே மாட்டியிருந்தால் சொற்ப தூரத்திலேயே நின்றிருப்பார்.

அதற்காகத் தலைக்கு மேலிருக்கும் சவுக்குக் கம்பில் மாட்டலாமா? கூடாது. கொக்கி மாட்டும் இடம் ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. சாரம் சரிந்தால் கொக்கியும் வரும், ஆளும் வருவார். கட்டடத்தின் கான்கிரீட் தூணிலிருந்து தனிக் கயிறு இறக்க வேண்டும்.

இடுப்பு பெல்ட்டே ஆபத்துதான். விழுகிற வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். கட்டட வேலையில் விழுகிறவரைத் தாங்க அதை உபயோகிக்கக் கூடாது என்று 1998-லேயே அமெரிக்காவில் தடை வந்துவிட்டது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு வார்தான் சரி. அதிலும், நடக்க இடைஞ்சல் என்று தொடை வாரை மாட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. வாரில் தொங்குகிறவருக்கு ரத்தம் காலிலே தங்கி மயக்கம் வரும். சில நிமிஷங்களில் இறக்கியாக வேண்டும். யார் இறக்குவது, எந்த ஏணியில் என்பதை விழுந்த பிறகா யோசிப்பது?

இதையெல்லாம் பிரசங்கம் செய்து புரியவைக்க முடியாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு நிமிஷம் தொங்கவிட்டால் போதும். எந்த வார் தளர்ந்திருக்கிறது என்று உடம்பே சொல்லிவிடும். முதலில் தொங்க வேண்டியவர் மேஸ்திரி. “இருபது வருஷமா ஏறுறேன், விழுந்தேனா?” என்று அவர் கேட்கிற வரையில் சித்தாள் கொக்கி மாட்ட மாட்டார். பீகாரிலிருந்தும் ஒடிஷாவிலிருந்தும் வந்தவர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே சொல்ல வேண்டும்.

தினக்கூலிக்காரர் கூலியை விட்டுவிட்டுப் பாடம் கேட்க வருவாரா? அந்த அரை நாள் கூலியையும், சிமெண்டு, கம்பி விலையோடு சேர்த்து, ஆரம்ப எஸ்டிமேட்டிலேயே எழுதிவிட வேண்டும்.