ஒரு புட்டிக்கு ஓர் உயிர் போதுமா?

ஈ என்றாலே முகம் சுளிப்பவர்கள் நாம். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிவரும் எள்ளளவு ஈயையோ ஈ என்றுகூட மதிப்பதில்லை. கொசு என்று கையால் விசிறிவிடுகிறோம். அறிவியலார் அதை டிரோசோபிலா என்பர். தோழியரே, அதைப் பள்ளி ஆய்வகத்தில் வளர்க்கவேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

ஆய்வக அலமாரியில் பார்மலின் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு புட்டி, ஓர் உயிர், ஒரு பெயர்ச்சீட்டு. பெயரை மனப்பாடம் செய்து தேர்வும் எழுதிவிடுகிறோம். ஒன்றே ஒன்றைப் பார்த்து ஓர் இனத்தை அறியமுடியுமா? 1919-இல் அமெரிக்க அறிஞர் ஸ்டர்ட்டிவன்ட், ஒன்றென்றே எல்லோரும் எண்ணியிருந்த ஈக்களுள் மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ் என இரு சிற்றினங்கள் இருப்பதைக் கண்டார். பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. இணைத்தால் பிறக்கும் சந்ததியோ மலடு!

அவை எவ்வாறு பிரிந்தன? 1991-இல் மக்டொனால்டு, கிரெய்ட்மன் என்னும் இருவர் இவ்விரண்டையும், யாகூபா என்ற மூன்றாம் உறவையும் ஆராய்ந்தனர். ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதிக்குரிய மரபணுவைப் பல ஈக்களில் படித்தனர். (புளித்த பழத்தில் வாழும் உயிருக்கு அந்த நொதி தேவைதானே!) சிற்றினங்களுக்குள்ளேயே ஈக்கு ஈ வேறுபட்ட இடங்கள் 44, அவற்றுள் புரதத்தை மாற்றியவை 2 மட்டுமே. சிற்றினத்துக்குச் சிற்றினம் நிலையாக வேறுபட்ட இடங்கள் 24. அவற்றுள் புரதத்தை மாற்றியவை 7. எல்லாம் தற்செயலாக நிலைத்தவை என்றால் இரு விகிதங்களும் ஏறக்குறைய ஒத்திருக்கவேண்டும் அன்றோ? ஒத்திருக்கவில்லை. சில மாற்றங்கள் ஈக்கு நன்மை செய்ததாலேயே நிலைத்தன என்று அவர்கள் முடிவு கட்டினர். ஓர் ஈயோடு ஓர் ஈயை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது புலப்பட்டிராது.

கடல் கடந்து போவானேன்? மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணமூர்த்தியும் ரங்கநாத்தும் நசூட்டா, அல்போமிகன்ஸ் என்னும் நெருங்கிய உறவு ஈக்களை இணைத்து வளர்த்தனர். முன்னதற்குக் குரோமோசோம் 8, பின்னதற்கு 6. கோவேறு கழுதையைப் படித்த நாம், சந்ததி மலடாகும் என்றே விடை எழுதியிருப்போம். ஆகவில்லை. அது தலைமுறை தலைமுறையாகப் பெருகி, இரு பெற்றோரின் குரோமோசோம்களும் கலந்த புதிய வழிகள் ஆய்வகப் புட்டிகளிலேயே நிலைபெற்றன.

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இங்கே பழக்கடையில் மாவும் பலாவும். அங்கே உப்புக்காற்றில் வெட்டிப்போட்ட இளநீர்க் கூடுகள். இவ்வளவு அருகில் புதுச் சிற்றினம் அகப்படும் என்று ஆசை காட்டவில்லை. பழம் ஏற்றிய லாரியில் ஈயும் கட்டணமின்றிப் பயணம் செய்யுமே! மரபணுவைப் படிக்கும் கருவியும் பள்ளிகளில் இல்லை. ஆனால் நுண்ணோக்கி உண்டு. ஆண் ஈயின் முன்காலில் சீப்புப் போன்ற முள்வரிசை உண்டா, எத்தனை முட்கள், உடல் நிறம் என்ன என்று இரு ஊர்களிலும் நூறு நூறு ஈக்களைப் பார்த்து எழுதலாம். முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ பத்தே நாள். ஒரு பருவத்திற்குள் பல தலைமுறை காணலாம்.

சுகாதாரக் கேடு என்பார் சிலர். பஞ்சடைத்த புட்டியைவிட நம் சாப்பாட்டுக் கூடத்துக் குப்பைக்கூடையில் ஈ அதிகம். செலவோ, காலிப் புட்டியும் அழுகிய வாழைப்பழமும். ஈயைத் தரமாட்டேன் என்று சொல்லும் பழக்கடைக்காரர் செங்கற்பட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்.