மைக்ரோவேவ் திடீர்னு நின்னுடுச்சா? ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைங்க

1/
தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அண்ணன் கையில் ஸ்க்ரூ டிரைவர், எதிரே யூடியூப் வீடியோ. ஓடிக்கொண்டிருந்த மைக்ரோவேவ் திடீர்னு நின்னுடுச்சாம்.

"பிளக்கைப் பிடுங்கிட்டேன் டாக்டர், இனி என்ன பயம்?" என்றார்.

பயமே அங்கேதான் ஆரம்பிக்குது.

2/
மைக்ரோவேவ் மிக்ஸி மாதிரி கிடையாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 2,000 வோல்ட் அளவுக்கு ஏற்றுகிறது. கூடவே ஒரு கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கலாம். அதை வடிய வைக்கும் ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

3/
நம் இதயம் துடிப்பதே மின்சாரத்தால்தான். கை வழியாகப் பாயும் ஷாக் நெஞ்சைக் கடந்து அந்தத் தாளத்தைக் குலைத்தால், இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். இதை வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்கிறோம். சில நொடிகளில் நினைவு போய்விடும். சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும்.

"வீட்டுல இஎல்சிபி இருக்கே" என்பீர்கள். கெப்பாசிட்டரில் தங்கிய சார்ஜை அது தடுக்காது.

4/
சரி, நாமே எதைப் பார்க்கலாம்?

✅ எம்சிபி விழுந்திருக்கா? ஒரு முறை ஏத்துங்க. மறுபடி விழுந்தால் விட்டுடுங்க. அண்ணன் வீட்டுப் பிரச்சனை இங்கேயே முடிஞ்சது!

✅ அதே சாக்கெட்டில் வேறு பொருள் ஓடுதா? சாக்கெட் கருகியிருந்தால் தொடாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

✅ கதவு சரியா மூடுதா? சைல்டு லாக் விழுந்திருக்கா?

✅ சுவரோடு ஒட்டி வெச்சு சூடாகி நின்னிருக்கா? பிளக்கை எடுத்து ஒரு மணி நேரம் ஆற விடுங்க.

✅ லைட் எரியுது, தட்டு சுத்துது, சாப்பாடு மட்டும் சூடாகலையா? கோடைக்கால ராத்திரி லோ வோல்டேஜா இருக்கலாம். தெருவே மங்கலா இருந்தால் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்க. வோல்டேஜ் சரியான பிறகும் சூடாகலைன்னா மெக்கானிக்தான்.

5/
மெக்கானிக் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஃபேன் ரெகுலேட்டரை நானும் மாத்தியிருக்கேன். ஆனால் எங்கே நிறுத்தணும்னு தெரிவதும் சிக்கனம்தான். மூடியைக் கழட்டச் சொல்லும் வீடியோ, தப்பு நடந்தால் உதவிக்கு வராது.

6/
யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் அவரைத் தொடாதீங்க. மெயினை ஆஃப் பண்ணுங்க. 108-க்கு போன் போடுங்க. நினைவும் சீரான மூச்சும் இல்லையென்றால் உடனே சிபிஆர்: நடு நெஞ்சில் 5 செ.மீ. ஆழம் அழுத்தணும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு ஈசிஜி எடுத்துடுங்க.

மைக்ரோவேவ் நாளைக்கு வேறு வாங்கிக்கலாம். நீங்க வீட்டுக்கு ஒருத்தர்தான்.